யானைத்தோல் பூசிய லாரி

கலியமூர்த்திக்கு மெக்கானிக்குகளைப் பிடிக்காது. பெயிண்டர்களையும் பிடிக்காது. எலக்ட்ரீஷியன், கொத்தனார், குழாய் போடுகிறவர் என்று கையில் ஒரு தொழில் வைத்திருக்கிற எவரையும் அவருக்குப் பிடிக்காது. "அவன் பண்றத நான் வீட்லயே பண்ணிடுவேன்" என்பார். பண்ணியும் விடுவார். சிக்கலே அங்கேதான் தொடங்கும்.

மரக்காணத்தில் அவர் வீட்டுக்குப் போகிற யாரும் சுவிட்சில் கை வைக்கும் முன் அவர் மனைவி தெய்வநாயகியின் முகத்தைப் பார்ப்பார்கள். கூடத்துச் சுவிட்சைப் போட்டால் குளியலறை எரியும். சமையலறை விளக்கு எரிய வேண்டுமென்றால் டி.வி. ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வீடு முழுக்க அவரே ஒயரிங் செய்தது. கொல்லைக் கதவுக்கும் அவரே கீல் மாட்டினார். அது உள்ளேயும் திறக்கும், வெளியேயும் திறக்கும், ஆனால் மூடாது. கேட்டால், "காத்து வரட்டுமேன்னு அப்படி வச்சேன்" என்பார். தப்பாகப் போன எந்த வேலைக்கும் பிறகு ஒரு நோக்கம் கிடைத்துவிடுவது அவருடைய தனித்திறமை.

வயது ஐம்பத்தொன்று. சொத்து ஒரு லாரி. தொண்ணூற்றிரண்டாம் வருடத்து வண்டி. பதினான்கு வருடமாக அது பெரும்பாலும் உப்புத்தான் சுமந்திருக்கிறது. உப்பளத்திலிருந்து ஈரம் காயாமல் ஏற்றிய உப்பு, வழியெல்லாம் ஒழுகி, தகட்டின் ஒவ்வொரு மடிப்பிலும் உட்கார்ந்து, வண்டியைக் கீழிருந்து மேலாகத் தின்றுகொண்டு வந்தது. 2006ஆம் வருடம் ஏப்ரல் மாதத்தில் பம்பர் அப்பளம்போல ஆகிவிட்டிருந்தது. மட்கார்டில் விரல் நுழைகிற ஓட்டைகள் இரண்டு. டிரைவர் ஏறுகிற படியில் அவர் ஒருவர்தான் தைரியமாகக் கால் வைப்பார். எந்த இடத்தில் வைத்தால் உடையாது என்று அவருக்குத்தான் தெரியும்.

மே மாதம் இருபத்தெட்டாம் தேதியோடு வண்டியின் எஃப்.சி. முடிகிறது. ஒவ்வொரு வருடமும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதி இருக்கிறது என்று சான்று வாங்கினால்தான் ஓட்டலாம். அந்த வருடம் அது சான்றுக் காகிதத்தோடு முடிகிற விஷயமாக இல்லை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற ஷெட்டுகளுக்கு சீசன் முழுக்க உப்பு அனுப்ப அளத்து முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். ஜூன் ஐந்தாம் தேதி முதல் லோடு. கலியமூர்த்தியைக் கூப்பிட்டு அவர் சொன்னது இரண்டே வாக்கியம்.

"அஞ்சாந்தேதி காலையில எஃப்.சி. பேப்பரோட வண்டி உப்பு அம்பாரத்துக்கிட்ட நிக்கணும், மூர்த்தி. இல்லன்னா சீசன் பூரா சகாதேவன் வண்டிதான்."

சகாதேவன் கலியமூர்த்தியின் தூரத்துப் பங்காளி. அவரிடமும் ஒரு லாரி உண்டு. அதைப் பெயிண்டரிடம் விட்டுப் பெயிண்ட் அடிப்பார், மெக்கானிக்கிடம் விட்டு ரிப்பேர் பார்ப்பார். இவ்வளவு சோம்பேறியான ஒரு மனிதனிடம் ஒரு சீசனைப் பறிகொடுப்பதா என்று கலியமூர்த்திக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கூனிமேட்டு ஜாபர் பாய் விடுமுறையில் வந்தார். துபாயில் ஒரு வண்டிப் பட்டறையில் வேலை. அவருடைய தங்கை கல்யாணத்துக்குக் கலியமூர்த்தி லாரியில் சாமான் ஏற்றிக் கொடுத்திருந்தார். அந்த நன்றியில் பாய் இரண்டு டின் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு டின்னிலும் கறுப்பாகக் கூழ்போல ஒரு மருந்து. கூடவே இறுகவைக்கிற இன்னொரு மருந்து, சின்ன பாட்டிலில்.

"அங்க சரக்கு வண்டிக்கெல்லாம் இதத்தான் உருட்டி வுடறாங்க, மூர்த்தி. காஞ்சா சொரசொரன்னு ரப்பர் மாதிரி ஆயிடும். கல்லு பட்டாலும் பேராது, துருவும் புடிக்காது. ஆனா ஒண்ணு. அடியில தகடு சுத்தமா இருக்கணும். எங்க பட்டறையில அதுக்கே ஒரு நாள் எடுத்துப்போம்."

"சுத்தத்தப் பத்தி எங்கிட்ட சொல்றியா பாய்" என்றார் கலியமூர்த்தி.

மறுநாளே டீக்கடையில் அதற்கு யானைத்தோல் என்று பெயர் வைத்தாகிவிட்டது. "இந்தியாவுலயே இன்னும் வரல. நம்ம வண்டிக்குத்தான் மொதல்ல" என்றார். சகாதேவன் டீயை ஆற்றிக்கொண்டே, "வண்டிக்கு யானைத்தோல் போட்டுட்டா அப்புறம் நீ என்னா, பாகனா?" என்று கேட்டார். கடை முழுக்கச் சிரித்தது. கலியமூர்த்தியும் சிரித்தார். புது விஷயத்தைப் பார்த்துச் சிரிப்பது அறியாதவர்களின் வழக்கம் என்று அவருக்குத் தெரியும்.

வேலை வீட்டு வாசலில் தொடங்கியது. பம்பர், முன் மட்கார்டுகள், படி, டீசல் டேங்க் மூடுதகடு, கேபினின் கீழ்ப்பட்டை எல்லாவற்றையும் கழற்றி வேப்பமரத்தடியில் பரப்பினார். ஓட்டைகளுக்கு மட்டும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வெல்டிங் கடையில் ஒட்டுப் போட்டு வந்தார். அது நெருப்பு வேலை, வீட்டில் செய்யத் தெய்வநாயகி விடவில்லை. பிறகு மூன்று நாள் எமரி ஷீட் போட்டுத் தேய்த்தார். அதில் குறை சொல்ல முடியாது. தகடு வெள்ளிபோலப் பளபளத்தது. அவர் வாழ்க்கையில் மூன்று நாள் தொடர்ந்து சரியாகச் செய்த வேலை அதுவாகத்தான் இருக்கும்.

நான்காம் நாள் கழுவினார்.

அந்தத் தெருவில் தண்ணீர் இரண்டு வகை. பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது நல்ல தண்ணீர். பெண்கள் வரிசையில் நின்று குடம் குடமாகப் பிடித்து, குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டு போர் தண்ணீர். உப்பளத்துக்கு இந்தப் பக்கம் எங்கே போர் போட்டாலும் உப்புத்தான். அதில்தான் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள், மாடு கழுவுவார்கள். லாரியும் கழுவுவார்கள். கலியமூர்த்தி மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பைப் பிடித்து, தாராளமாகக் கழுவினார். ஏப்ரல் வெயிலில் தகடு கால்மணி நேரத்தில் காய்ந்தது.

தெய்வநாயகி அளத்திலிருந்து அப்போதுதான் வந்தாள். பன்னிரண்டு வயதில் அளத்தில் இறங்கியவள். இப்போது லோடு ஏற்றுகிற பதினோரு பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. பாத்தியில் தண்ணீர் உப்பாகிற பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்று விரலை நனைத்து நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவாள். அளத்துக் கணக்குப்பிள்ளை அதன் பிறகுதான் அடர்த்தி பார்க்கிற மீட்டரை விட்டுப் பார்ப்பார், அதுவும் மீட்டர் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அவள் சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டே மட்கார்டு பக்கம் போனாள். ஈர விரலால் ஒரு தடவு தடவி நாக்கில் வைத்தாள்.

"என்னாங்க, உப்பு உக்காந்திருக்குது. நல்ல தண்ணி ரெண்டு கொடம் தரேன். அலசிடுங்க."

கலியமூர்த்தி சிரித்தார். "ஏய், இது பாத்தியா, நாக்குல வச்சுப் பாக்கறதுக்கு? துபாய் மருந்து. குடிக்கற தண்ணிய லாரிக்கு ஊத்தினா தெருவுல என்னா சொல்லுவாங்க?"

மகள் வினோதினி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். டின்னின் பின்பக்கம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்து, "அப்பா, உப்பு, எண்ணெய், தூசி ஒரு துளிகூட தகட்டுல இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுப்பா" என்றாள்.

"அது துபாய்க்காரனுக்குப் போட்டது. அவனுக்கு உப்புன்னா என்னன்னு தெரியாது, பயப்படுவான். இந்த வண்டி பதினாலு வருஷமா உப்புலயே ஓடுது. அதுக்குப் பழக்கம்."

வினோதினி டின்னைக் கீழே வைத்தாள். தெய்வநாயகி கால் கழுவப் போனாள். அந்த வீட்டில் இரண்டாவது முறை சொல்வது என்கிற வழக்கம் நின்று பல வருடம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூச்சு. தூசி விழாமல் இருக்கத் தெய்வநாயகியின் புடவைகள் நான்கைக் கொடியில் கட்டித் திரை போட்டார். பக்கத்தில் நின்ற கேபினின் கண்ணாடியிலும் விளக்கிலும் தெறித்துப் படாமல் இருக்கப் பழைய பேப்பரை ஒட்டினார். தெருவில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். கலியமூர்த்திக்குக் கூட்டம் என்றால் வாய் ஊறும். டின்னில் இறுகவைக்கிற மருந்தை ஊற்றிக் கலக்கிவிட்டு, ரோலரை அதில் நிறுத்தி வைத்துவிட்டு, யானையின் தோல் ஏன் துருப் பிடிப்பதில்லை என்று விளக்க ஆரம்பித்தார். கலந்த பிறகு அரைமணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும் என்று வினோதினி இரண்டு தடவை நினைவூட்டினாள். மூன்றாம் தடவை அவர் திரும்பி ரோலரை எடுத்தபோது டின்னும் கூடவே வந்தது.

அதன்பிறகு அவர் காட்டிய வேகத்தைத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. இறுகியும் இறுகாமலும் இருந்ததை எல்லாம் வழித்து அப்பினார். மட்கார்டில் அது மூங்கில் தட்டியில் மெழுகிய சாணிபோல இருந்தது. படியில் மட்டும் அழகாக, சீராக, சொரசொரவென்று வந்தது. பம்பரை முடிக்கிற நேரம் பார்த்துக் கடல்காற்று ஒரு புடவையை அவிழ்த்துக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்தியது. உரித்து எடுத்தபோது பம்பர் நீளத்துக்கும் மாங்காய்க் கரை பதிந்திருந்தது.

"டிசைனா இருக்குதில்ல?" என்றார் கலியமூர்த்தி.

"அது எங்கம்மா எடுத்துக் குடுத்த பொடவ" என்றாள் தெய்வநாயகி.

இரண்டாம் டின்னைத் திறக்கவில்லை. ஒரு டின்னிலேயே முடித்துவிட்ட சிக்கனத்தைப் பற்றி டீக்கடையில் சொன்னார்.

இரண்டு வாரம் அவருடைய ராஜ்ஜியம் நடந்தது. கறுப்பாக, முரடாக, மாங்காய்க் கரை போட்ட பம்பரோடு லாரி ரோட்டில் போனால் பொம்மையார்பாளையம் வரைக்கும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரத்குமார் என்கிற மினிலாரிக்காரர் பொம்மையார்பாளையத்திலிருந்து மெனக்கெட்டு வந்து தடவிப் பார்த்தார். கலியமூர்த்தி சாவியால் ஓங்கி ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கீறல் விழவில்லை. "சாவிதான் தேஞ்சுது" என்றார். சகாதேவன்கூட ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்த மௌனத்தைக் கலியமூர்த்தி மூன்று நாள் வைத்து ருசித்தார்.

மே மாதம் பத்தாம் தேதிவாக்கில் மட்கார்டின் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு கொப்புளம் தெரிந்தது. மறுநாள் பத்து. அந்த வாரக் கடைசியில் வண்டிக்கு அம்மை போட்டதுபோல இருந்தது. மிளகு, சுண்டைக்காய், நெல்லிக்காய் என்று அளவுவாரியாக எழும்பி நின்றன.

"உள்ள காத்து இருக்குது, வெளிய வருது" என்றார் முதல் நாள். "வெயிலுக்கு மருந்து விரியுது, மழை வந்தா உள்ள போயிடும்" என்றார் அடுத்த நாள். கடைசியில் தையல் ஊசியை எடுத்துக்கொண்டு போய் ஒன்றைக் குத்தினார். காற்று வரவில்லை. தண்ணீர் வந்தது. பின்னால் நின்ற தெய்வநாயகி விரலை நீட்டித் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நம்ம போர் தண்ணி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அடியில் உட்கார்ந்திருந்த உப்பு, காற்றின் ஈரத்தைப் பூச்சு வழியாகவே உறிஞ்சி உறிஞ்சித் தண்ணீர் கோத்துக்கொண்டிருந்தது. யானைத்தோல் தண்ணீரை வெளியேயும் விடவில்லை. அவர் துருவுக்கு ஒரு நல்ல வீடு கட்டிக் கொடுத்திருந்தார். அவர் கட்டியதிலேயே ஒழுகாத வீடு அது ஒன்றுதான்.

எஃப்.சி. நாள் மே இருபத்தாறு. முதல்நாள் கொப்புளங்களை எல்லாம் ஊசியால் குத்தி, விரலால் அமுக்கி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தார். அதிகாலையில் கிளம்பும்போது மட்கார்டு வழுவழுவென்று இருந்தது. திண்டிவனம் ரோட்டில் வெயில் ஏற ஏறக் கொப்புளங்கள் மறுபடி எழும்பிக்கொண்டன. வரிசையில் அவர் வண்டிக்கு முன்னால் வேறு நான்கு லாரிகள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்து, மட்கார்டுக்கு முன் நின்று, கையிலிருந்த பேனாவால் பெரியதாக ஒன்றைத் தட்டினார். பழுப்பு நிறத்தில் தண்ணீர் பீச்சி அவருடைய காக்கிச் சட்டையில் கோடு போட்டது.

இன்ஸ்பெக்டர் சட்டையைப் பார்த்தார். கலியமூர்த்தியைப் பார்த்தார்.

"இன்னாயா இது?"

"கோட்டிங் சார். ஃபாரின்."

"துருவ மூடிட்டுக் கொண்ணாந்து காட்டறியா?" அவர் அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் முதல் கணு வரை உள்ளே போயிற்று. "எல்லாத்தயும் உரிச்சு, சரி பண்ணி, ரெண்டாந்தேதி கொண்ணா. அன்னிக்கும் இப்படி இருந்தா வண்டி ரோட்ல ஓடக்கூடாது."

மூன்று வண்டி தள்ளி நின்றிருந்தது சகாதேவனின் லாரி. அவருக்கு எஃப்.சி. கிடைத்தது. கலியமூர்த்தி வீடு வந்து சேர்வதற்குள் இன்ஸ்பெக்டரின் சட்டை மரக்காணம் வந்து சேர்ந்திருந்தது.

ஏழு நாள் இருந்தது. முதல் இரண்டு நாள் கலியமூர்த்தி எல்லாவற்றையும் மறுபடி கழற்றிப் போட்டு, ஒருவராகவே உரித்தார். அந்த மருந்தின் குணம் விநோதமானது. உப்பு இருந்த இடத்தில் தோசைபோல மொத்தமாகக் கையோடு வந்தது. உப்பு இல்லாத இடத்தில் உளி வைத்து அடித்தாலும் அசையவில்லை. லாரியில் உப்பு இல்லாத இடம் கொஞ்சம்தான். வாசல் படிக்கட்டு, அவருடைய செருப்பு, வேப்பமரத்தின் பட்டை ஆகிய இடங்களில் துபாய் மருந்து இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை அவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சகாதேவனே ஓட்டிக்கட்டும். எனக்கும் வயசாவுது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததைக் கேட்டுத்தான் தெய்வநாயகி பயந்தாள். முந்தின நாள் பெய்த கோடை மழையில் பாத்திகள் கலங்கிப்போய் அளத்தில் இரண்டு நாளுக்கு வேலை இல்லை. அவள் தெருமுனைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கூடவே பாப்பாத்தி, ராசம்மாள், திரௌபதி என்று லோடு ஏற்றுகிற பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பழைய கத்தியோ உடைந்த ரம்பத் துண்டோ வைத்திருந்தார்கள். இடுப்பில் ஆளுக்கொரு குடம் நல்ல தண்ணீர்.

பாப்பாத்தி அவர்களில் வாய் நீண்டவள். கட்டிலைக் கடக்கும்போது, "அண்ணே, யானை படுத்துடுச்சாமே?" என்று கேட்டாள்.

"ஏம்மா, இது ஆம்பளைங்க வேல" என்றார் கலியமூர்த்தி, எழுந்திருக்காமலே.

"ஆம்பளைங்க பண்ணதத்தான் பாத்தமே. நீங்க படுங்கண்ணே."

உரித்தார்கள், சுரண்டினார்கள், எமரி ஷீட் போட்டார்கள். வருடம் முழுக்க உப்பைச் சுரண்டிச் சேர்க்கிற கைகள். தகட்டின் மடிப்புக்குள், திருகாணித் துளைக்குள், கலியமூர்த்தியின் கண்ணுக்கே படாத இடுக்குகளுக்குள் எல்லாம் போயின. பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி அலசினார்கள். தெய்வநாயகி விரல் வைத்து, நாக்கில் வைத்து, "இன்னொரு தடவ" என்றாள். மறுபடி அலசினார்கள். "மட்கார்டு சரி. பம்பர் மடிப்புல இருக்குது." தண்ணீர் தீர்ந்தது. குழாயில் அன்று தண்ணீர் வருகிற நாள். பெண்களின் கைகள் எல்லாம் துருவும் சேறுமாக இருந்தன. சுத்தமான கையோடு அந்த வீட்டில் இருந்தது ஒருவர்தான்.

ஆக, கலியமூர்த்தி ஐம்பத்தொரு வருடத்தில் முதல்முறையாகப் பஞ்சாயத்துக் குழாய் வரிசையில் நின்றார், இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு. நேராக முன்னால் போனவரை மலர்கொடி என்கிற பெண் தடுத்து, "சித்தப்பா, லாரிக்குத்தான் ஓவர்டேக். கொடத்துக்கு லைன்" என்றாள். நான்கு நடை நடந்தார். நான்காம் நடையில் இடுப்பில் வைத்தால் சுலபம் என்று கண்டுபிடித்தார். அதைப் பெண்களுக்கு விளக்கியும் சொன்னார்.

ஐந்தாம் அலசலுக்குப் பிறகு தெய்வநாயகி எல்லாத் துண்டுகளையும் தொட்டுப் பார்த்து, நாக்கில் ஒன்றும் இல்லை என்றாள். ஒருநாள் முழுக்க வெயிலில் காயவிட்டார்கள். அரித்துப்போன இடத்துக்கு மறுபடி ஒட்டுப் போட்டு, அதையும் தேய்த்து அலசினார்கள். வினோதினி கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, டின்னைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இரண்டாம் டின்னைக் கால்கால் பாகமாகக் கலந்தார்கள். கலந்ததைப் பூசி முடித்த பிறகுதான் அடுத்தது. பூசும்போது யாரும் பேசக் கூடாது என்று தெய்வநாயகி சொல்லியிருந்தாள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர. அவரைச் செங்கல் வாங்கிவர அனுப்பினார்கள். செங்கல் எதற்கும் தேவைப்படவில்லை.

ஜூன் இரண்டாம் தேதி இன்ஸ்பெக்டர் மட்கார்டை மூன்று அடி தள்ளி நின்று பேனாவால் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. கிட்டே வந்து விரலால் அழுத்தினார், நகத்தால் சுரண்டினார், குனிந்து உள்பக்கம் தடவினார். எங்கும் ஒரே சீராக, நெல்மணி பரப்பினதுபோலச் சொரசொரப்பு.

"யாருயா அடிச்சது? பட்டறையிலகூட இப்படி வராதே."

கலியமூர்த்திக்கு ஒரு விநாடி கிடைத்தது. அந்த ஒரு விநாடியில் உண்மை வெளியே வர ஓர் இடைவெளி இருந்தது. அதை அவர் தொண்டையைக் கனைத்து அடைத்தார்.

"நான்தான் சார். வீட்லயே."

"அப்போ போன வாரம் கொண்ணாந்தது?"

"அது வீட்ல பொம்பளைங்க பேச்சக் கேட்டு அடிச்சது சார். அதான் அப்படி ஆயிடுச்சு. இந்த தடவ யாரயும் கிட்ட சேக்கல."

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். தன் மச்சானின் வண்டியைக் காட்ட அன்றைக்கும் வந்திருந்த சகாதேவன், பின்னாலிருந்த வண்டியின் நிழலில் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு மெதுவாக வெளியே போனார். அவர் முகத்தில் கோயிலுக்குப் போய்வந்தவரின் அமைதி இருந்தது.

ஐந்தாம் தேதி காலை ஏழு மணிக்குக் கலியமூர்த்தியின் லாரி அம்பாரத்துக்குப் பக்கத்தில் நின்றது. முதலாளி எஃப்.சி. பேப்பரை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். "பதினொரு மணிக்குள்ள வண்டி கெளம்பணும். லேட்டானா சகாதேவன் வண்டிய ஏத்தி அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் கொட்டகைக்குப் போனார். சகாதேவனின் லாரி, எதற்கும் இருக்கட்டும் என்று, இருபது அடி தள்ளி நின்றிருந்தது.

பெண்கள் பதினோரு பேரும் அம்பாரத்தடியில் இருந்தார்கள். கூடைகள் கவிழ்ந்திருந்தன. கூடைகளின் மேல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னா, ஏத்தலாமில்ல?" என்றார் கலியமூர்த்தி.

யாரும் எழுந்திருக்கவில்லை. தெய்வநாயகி சும்மாட்டுத் துணியைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பளைங்க கிட்ட வந்தா உங்க வண்டிக்குக் கொப்புளம் போடுமாமே" என்றாள் பாப்பாத்தி. "எங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம்? நீங்களே ஏத்திக்குங்க. எல்லாம் வீட்லயே பண்ணிக்கறவரு."

கலியமூர்த்தி சகாதேவனைப் பார்த்தார். சகாதேவன் வானத்தைப் பார்த்தார்.

எட்டு மணி ஆயிற்று. கலியமூர்த்தி மனைவியின் பக்கத்தில் போய்க் குனிந்து தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். "எங்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே" என்றாள் அவள். ஒன்பது மணிக்கு அவரே ஒரு கூடையை எடுத்து நிரப்பித் தூக்கினார். ஏணிப் பலகையில் பாதி ஏறியதும் கூடை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக இறங்கினார்கள். ஒன்பதரைக்குச் சகாதேவன் தன் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்தார். ஒரு சீசன் கண்ணெதிரே இருபது அடி நகர்ந்து போகப் பார்த்தது.

"சரி" என்றார் கலியமூர்த்தி. செருப்பைப் பார்த்துக்கொண்டு, "நீங்கதான் அடிச்சீங்க. நல்லா அடிச்சீங்க" என்றார்.

"இன்னா சொன்னாரு?" என்று ராசம்மாள் பக்கத்தில் கேட்டாள்.

"காத்து பெலமா அடிக்குதில்ல, கேக்கல" என்றாள் பாப்பாத்தி. இலைகூட அசையவில்லை.

கலியமூர்த்தி நிமிர்ந்தார். "மொத தடவ அடிச்சது நான். உப்புத் தண்ணியில கழுவினது நான். தெய்வா நல்ல தண்ணியில அலசச் சொல்லிச்சு, நான் கேக்கல. ரெண்டாவது அடிச்சது இவங்க. நான் தண்ணி தூக்கினேன்." கொட்டகைக்குள் கணக்குப்பிள்ளை பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக இருந்தது.

"செங்கல்லு?" என்றாள் பாப்பாத்தி.

"செங்கல்லும் வாங்கியாந்தேன்."

தெய்வநாயகி சும்மாட்டைத் தலையில் வைத்து எழுந்தாள். பதினோரு கூடைகளும் எழுந்தன. பெண்கள் வரிசையாகப் பலகையில் ஏறி இறங்க, லாரியின் தளத்தில் உப்பு வெள்ளையாக உயர்ந்துகொண்டு வந்தது. கலியமூர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மணி பத்தேகால். பாதி லோடு ஏறியாகிவிட்டது. இனிப் பயமில்லை. அவர் மெதுவாகச் சகாதேவனின் கேபின் பக்கம் போய், படியில் ஒரு கால் வைத்துச் சாய்ந்துகொண்டார்.

"பொம்பளைங்க இல்ல? மனசு நோவக் கூடாதுன்னு சும்மா சொல்லி வச்சேன். வேலையாவணுமே" என்றார்.

சகாதேவன் தலையை வெளியே நீட்டினார். "தங்கச்சி, சும்மாதான் சொன்னாராம்" என்று அம்பாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

பலகையின் நடுவில் இருந்த தெய்வநாயகி நின்றாள். திரும்பி இறங்கிவந்து கூடையை அம்பாரத்திலேயே கொட்டி, கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கூடையாகக் கவிழ்ந்தது.

"அண்ணே, மணி பத்தேகால்தான்" என்றாள் பாப்பாத்தி. "மொதல்லருந்து சொல்லுங்க. இந்த தடவ வண்டி மேல ஏறி நின்னு சொல்லுங்க."